ஆலங்குளத்தில் ஒரு கப்பல்

ஆலங்குளத்துக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். விருதுநகர் ஜில்லாவில், கரிசல் காட்டின் நடுவே கிடக்கும் ஊர் இது. கடலைக் கண்ணால் காண வேண்டுமானால் கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் பஸ்ஸில் குலுங்க வேண்டும். இங்குள்ளவர்களுக்குத் தண்ணீர் என்றால் கண்மாய். அலை என்றால் சித்திரை வெயிலில் தார் ரோட்டின் மேல் தெரியும் கானல். அரசாங்கத்தாரின் சிமெண்டு ஆலையின் பெயரைச் சொன்னால்தான் வெளியூரார் நம் ஊரை அடையாளம் கண்டுகொள்வார்கள். அதுவும் தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தோடு ஒருமுறை குழப்பிக்கொண்ட பிறகு.

ஆயினும் கடல் நம் பக்கத்துக்கு வந்ததேயில்லை என்று சொல்லிவிட முடியாது. அருகே வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரை மேட்டில், தொல்லியல் துறையார் 2022-ஆம் வருஷம் தோண்டத் தொடங்கினார்கள். மண்ணுக்குள்ளிருந்து வந்த பொருள்களில் சங்கு வளையல்கள் ஏராளம். சங்கு கண்மாயில் விளைவதில்லை. யாரோ கடலில் மூழ்கி எடுத்ததை, யாரோ சுமந்து வர, யாரோ அறுத்து வளையாக்கி நம் மூதாட்டிமார் கையில் பூட்டியிருக்கிறார்கள். பிறகு 19-ஆம் நூற்றாண்டில் இதே கரிசலில் விளைந்த பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. ஆக, கடற்சரக்கு இங்கே வந்திருக்கிறது, இங்கிருந்தும் போயிருக்கிறது. கப்பலே ஆலங்குளத்துக்கு வந்தது மட்டும் சென்ற வருஷத்துக்கு முந்திய வருஷந்தான்.

அதைக் கொண்டுவந்தவன் நம்முடைய பழைய மாணாக்கன். பத்தாம் வகுப்பில் சரித்திரப் பாடத்தின்போது பெரும்பாலும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவன், இப்போது சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் உத்தியோகம் பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தவன், ஸ்பெயின் தேசத்துத் துறைமுகம் ஒன்றில் வாங்கியதாகச் சொல்லி, ஒரு நீண்ட அட்டைப் பெட்டியை நம் கையில் வைத்தான். மேலே ஜோரான வர்ணப் படம்: மூன்று பாய்மரம், வெள்ளைப் பாயில் சிவப்புச் சிலுவை. உள்ளே திறந்து பார்த்தாலோ கப்பலைக் காணோம். வெட்டுக் குறி போட்ட சில ஒட்டுப்பலகைகள், விரல் அகலத்தில் பாதிகூட இல்லாத மரப்பட்டைகள் ஒரு கட்டு, உருண்டைக் குச்சிகள், பித்தளை ஆணிகள், மிளகளவு மரக் கப்பிகள், பழுப்பும் கறுப்புமாக நூலுருண்டைகள், மடித்து வைத்த படங்கள். இவற்றிலிருந்து கப்பலை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டுமாம்.

கூடத்தில் இதையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு நாம் உட்கார்ந்திருந்தபோது, நம் தமக்கையார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது? அடுப்புக்கு ஆகுமா?" என்று கேட்டார்.

இந்தத் தமக்கையாரைப் பற்றிப் பின்னால் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் கப்பலைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம்.

பெட்டியில் இருந்தது சாந்தா மரியா. அதாவது கொலம்பஸ் ஏறிச் சென்ற கப்பலின் மாதிரி. 1492-ஆம் வருஷம் ஆகஸ்டு 3-ந் தேதி ஸ்பெயினில் பாலோஸ் துறையிலிருந்து மூன்று கப்பல்களோடு கொலம்பஸ் புறப்பட்டார். மேற்கே போனால் இந்தியாவும் கீழ்த்திசை நாடுகளும் வரும் என்பது அவருடைய கணக்கு. அக்டோபர் 12-ந் தேதி கரை தென்பட்டது. அதை நம்முடைய நாட்டுப் பக்கம் என்றே நினைத்து அங்கிருந்தவர்களுக்கு 'இந்தியர்' என்று பெயரும் வைத்துவிட்டார். அவ்வருஷம் கிறிஸ்துமஸ் அன்று விடியுமுன் சாந்தா மரியா, இப்போது ஹெய்ட்டி எனப்படும் தீவின் அருகே மணல் திட்டில் ஏறி உட்கார்ந்தது. பிறகு மிதக்கவே இல்லை. அதன் மரங்களைப் பெயர்த்துக் கரையில் ஒரு கோட்டை கட்டிக்கொண்டார்கள். நம் தேசத்தைத் தேடிப் புறப்பட்ட அந்தக் கப்பல், 500 வருஷங்களுக்கு மேல் தாமதமாக, 65-இல் ஒரு பங்காகச் சிறுத்து, ஒரு வழியாக ஆலங்குளம் வந்து சேர்ந்தது என்று நாம் ஆசிரியர் அறையில் சொன்னோம். கணித ஆசிரியர் மட்டும் சிரித்தார். மற்றவர்கள், பத்தாம் வகுப்பு விடைத்தாள் கட்டு இருக்கும்போது நமக்கு எங்கிருந்து இவ்வளவு ஓய்வு கிடைக்கிறது என்று விசாரித்தார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. சாந்தா மரியா எப்படி இருந்தது என்பதற்கு அக்காலத்து வரைபடம் ஒன்றும் கிடையாது. அதே காலத்து வேறு கப்பல்களின் படங்களையும் குறிப்புகளையும் கொண்டு பின்னால் வந்தவர்கள் ஊகித்துக்கொண்டதுதான் எல்லாம். 1892-இல், நானூறாவது வருஷத்தைக் கொண்டாடுவதற்காக ஸ்பெயின் தேசத்தார் முழு அளவில் ஒன்றைக் கட்டி அமெரிக்காவுக்கு ஓட்டியும் காட்டினார்கள். அதுவும் ஊகமே. ஆகவே நம் கப்பலில் ஏதாவது கோணலாக அமைந்தாலும், 'கொலம்பஸின் கப்பல் இப்படி இல்லை' என்று சாட்சி சொல்லி நம்மை மடக்க யாராலும் முடியாது. இந்தத் தைரியத்தில்தான் வேலையைத் தொடங்கினோம்.

முதலில் ஏராவைப் படுக்க வைத்து, அதன் குறுக்கே வங்குகளைச் செருகி ஒட்ட வேண்டும். ஏரா என்பது கப்பலின் முதுகெலும்பு. வங்கு என்பது விலா. அணியம் முன்பக்கம். பாய் தொங்கும் குறுக்கு மரம் பருமல். பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைப்பதற்குக் கலப்பற்று என்று பெயர். இவ்வளவும் தமிழில் இருக்க, பெட்டிக்குள் வந்த விளக்கத் தாளில் ஸ்பானிஷ், இங்கிலீஷ் இரண்டு பாஷைகளில் மட்டுமே எழுதியிருந்தது. 'கப்பல் சாத்திரம்' என்ற பழைய தமிழ் நூலைச் சென்னை அரசாங்கத்துக் கையெழுத்துப் பிரதிப் புத்தக சாலையார் 1950-இல் அச்சிட்டிருக்கிறார்கள். கப்பல் கட்டுவதற்கென்றே சாத்திரம் எழுதி வைத்துக்கொண்ட பாஷையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஏரா என்ற சொல் தெரியும்? நாமே அகராதியைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டோம். வகுப்பில் சொன்னபோது, பின் பெஞ்சுப் பையன் ஒருவன் 'வங்கு' என்றால் நாய்க்கு வரும் சொறி அல்லவா என்று கேட்டான். அதுவும் சரிதான்.

வங்குகள் நின்ற பிறகு அவற்றின் விளிம்புகளைச் சாய்வாக இழைக்க வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்யாவிட்டால் மேலே போர்த்தும் பட்டை ஓரிடத்தில் மேடும் ஓரிடத்தில் பள்ளமுமாகக் காட்டிக்கொடுத்துவிடும். உப்புக் காகிதத்தை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு ஆனி, ஆடி இரண்டு மாதம் தேய்த்தோம். வீடெல்லாம் மரத்தூள். சிமெண்டு ஆலை ஊரில் தூசிக்குப் பஞ்சமா என்று வீட்டார் பொறுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது பட்டை போர்த்துதல். முன்பக்கம் கப்பலின் உடல் வயிறு போல உப்பி, சட்டென்று வளைந்து மூக்கில் சேர்கிறது. காய்ந்த பட்டையை அப்படி வளைத்தால் 'படக்' என்று முறியும். சூடு காட்டி வளைக்கும்படி விளக்கத் தாள் சொல்லிற்று. மெழுகுவர்த்தியை ஏற்றினோம். தமக்கையார் வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, வாயால் ஊதி அணைத்தார், வர்த்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நம் வீட்டில் சுவாமி விளக்கும் அடுப்பும் தவிர வேறு நெருப்பு எரியக்கூடாது. தீபாவளிக்குக்கூடக் கிடையாது. அதன் காரணம் நமக்குத் தெரியுமாதலால் மறு பேச்சுப் பேசாமல், நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கி ஒரு நுனியை அடைத்து, அதில் கொதிநீரை ஊற்றிப் பட்டைகளை ஊற வைத்தோம். அரைமணி நேரத்தில் பட்டை வெந்த முருங்கைக்காய் மாதிரி இளகிற்று. ஈரத்தோடு வளைத்துக் கட்டிவிட்டால் மறுநாள் காலையில் அந்த வளைவோடேயே காய்ந்து கிடக்கும். நெருப்பில் வளைத்ததைவிட இது நன்றாகவே இருந்தது.

இரண்டு வரிசைப் போர்வை. முதலில் சற்றுத் தடித்த வெள்ளைப் பட்டை, அதன்மேல் மெல்லிய சிவப்புப் பட்டை. நடுநடுவே பிசகும் இடங்களுக்கு நம் ஊர்ச் சரக்கே கை கொடுத்தது. மருந்து தோய்க்காத தீக்குச்சி, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் சதுரக் கனத்தில், ஆயிரக்கணக்கில் இங்கே கிடைக்கும். 1922-இல் ஸ்ரீ அய்ய நாடாரும் ஸ்ரீ சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்து, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். அதற்கு நூறு வருஷம் கழித்து ஆலங்குளத்துத் தீக்குச்சி கொலம்பஸ் கப்பலுக்கு ஏணிப்படியாகும் என்று அவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். இந்த அளவில் நம் உயரத்து மனிதன் ஓர் அங்குலந்தான் இருப்பான். அவன் காலுக்குத் தீக்குச்சி நல்ல அகலமான படி.

இதற்கிடையில் ஒரு சனிக்கிழமை தூத்துக்குடிக்குப் போய்வந்தோம். தூத்துக்குடி என்றதும் 1906-இல் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும், 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்களும் ஞாபகம் வராத தமிழர் இல்லை. ஆனால் அவை நீராவிக் கப்பல்கள், வெளிநாட்டில் வாங்கியவை. நாம் பார்க்கப் போனது தோணிகளை. வெள்ளைக்காரன் கம்பெனிக்கு முன்னும் இருந்து, சுதேசிக் கம்பெனி முறிந்த பின்னும் இருந்து, கொழும்புக்கும் பிற துறைகளுக்கும் பாய் விரித்துச் சரக்கு ஏற்றிப் போனவை இந்தத் தோணிகள். இப்போது அவற்றுக்கு இயந்திரம் வைத்துவிட்டார்கள். பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டடச் சாமான்களும் போகின்றன. பாயை மட்டும் நம்பி ஓடிய காலம் கண் முன்னேதான் முடிந்தது.

அங்கே வயதான ஓடாவி ஒருவரைக் கண்டோம். ஓடாவி என்பவர் கப்பல் தச்சர். கரையில் ஏற்றிப் போட்டிருந்த தோணி ஒன்றின் நிழலில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்துக்கு மரச்சுவர் வளைந்து நிற்கிறது. காகிதத்தில் படம் போட்டா கட்டுவீர்கள் என்று கேட்டோம். தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். நம் கைபேசியில் இருந்த சாந்தா மரியாவின் படத்தைக் காட்டினோம். கண்ணுக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு சார். ஆனா இது கட்டுறது இல்ல, சேக்குறது" என்றார். பிறகு, நமக்கு வருத்தமாயிருக்கும் என்று நினைத்தோ என்னவோ, "சேக்குறதுக்கும் கை வேணும்" என்றும் சொன்னார்.

அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம் தை மாதத்தில் விளங்கிற்று. உடல் முடிந்து, தளம் முடிந்து, மூன்று பாய்மரமும் நட்டாகிவிட்டது. இனிக் கயிறு. பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் வடங்களின் குறுக்கே, மாலுமிகள் ஏறுவதற்காக ஏணிபோல் மெல்லிய கயிறுகளை வரிசை வரிசையாகக் கட்ட வேண்டும். வடத்தைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முடிச்சு. பெரிய பாய்மரத்துக்குப் பக்கத்துக்கு 5 வடம், 18 வரிசை. இரு பக்கமும் 180 முடிச்சு. முன் பாய்மரத்துக்கு 120. ஆக 300 முடிச்சுகள், தையல் நூலில், எல்லாம் ஒரே இழுப்பில் இருக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக இழுத்தால் வடங்கள் இடுப்புப் போல் உள்ளே ஒடுங்கிவிடும். தளர்த்தினால் தொட்டில் போல் தொங்கும். சாக்பீஸ் பிடித்துப் பழகிய விரல்கள் ஒரு வரிசைக்கே வியர்த்துவிட்டன.

இனித் தமக்கையாரைப் பற்றி.

அவருக்கும் நமக்கும் பத்து வயது வித்தியாசம். நம் தகப்பனார் சீக்கிரம் காலமானார். தமக்கையார் பன்னிரண்டு வயதில் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டத் தொடங்கினார். ஒரு குரோஸ் என்பது 144 பெட்டி. எத்தனை குரோஸ் ஒட்டினால் ஒரு நோட்டுப் புத்தகம் என்ற கணக்கு நமக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே மனப்பாடம். சிறுவர்களை அபாயத் தொழிலில் வைக்கக்கூடாதென்று 1986-இல் சட்டம் வந்தபோது அவருக்கு வயது பதினேழு. அவர் விஷயத்தில் சட்டம் கொஞ்சம் பிந்திவிட்டது. பிறகு வெடி ஆபீஸுக்குப் போனார். நம் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வது வழக்கம். உள்ளே நாற்காலி மேஜை இருக்குமென்று வெளியூரார் எண்ணவேண்டாம். அங்கே சரம் பின்னும் வேலை. சின்னஞ்சிறு வெடிகளின் திரிகளை நூலோடு சேர்த்து இரு பக்கமும் ஒழுங்காகப் பின்னிக்கொண்டே போக வேண்டும். பின்னிய அளவுக்குக் கூலி. விருதுநகரில் நாம் பி.ஏ. படித்ததும், மதுரை காமராஜர் சர்வகலாசாலையில் எம்.ஏ. பட்டம் வாங்கியதும் அந்தப் பின்னலில்தான். நம் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிற எழுத்துகளில் எத்தனை முழம் சரம் இருக்கிறதென்று நாம் கணக்குப் பார்த்ததில்லை. அவரும் சொல்லிக் காட்டியதில்லை.

கணவரை இழந்த பின் நம்மோடு வந்து தங்கினார். நமக்கு உத்தியோகமாகிப் பல வருஷமான பிறகும் ஆபீஸுக்குப் போவதை அவர் விடவில்லை. 2016-இல் ஒரு நாள் பிற்பகல் பக்கத்து அறையில் மருந்து தீப்பற்றிற்று. எந்த ஆபீஸ், யாருடைய அஜாக்கிரதை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இருவர் இறந்தனர். தமக்கையார் வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இழந்து வீடு திரும்பினார். மிஞ்சிய விரல்களும் விறைத்துப்போயின. ஆஸ்பத்திரியில் அழுத்திப் பழகச் சொல்லி ஒரு ரப்பர்ப் பந்தைக் கொடுத்தார்கள். அதைத் தெருப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். அன்று முதல் வலது கை முந்தானைக்குள்ளேயே இருந்தது. சமையலும் மற்ற வேலைகளும் இடது கையால். நூல் என்ற பொருளையே தொடமாட்டார்; சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட, தையற்காரரிடம் போகச் சொல்வார். நாமும் ஒன்றும் சொல்வதில்லை. அவரிடம் நாம் என்ன சொல்ல முடியும்?

அந்தத் தை மாதத்து இரவில், மூன்றாம் வரிசையை அவிழ்த்து நாலாவது முறையாகக் கட்டிக்கொண்டிருந்தோம். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இது ஆட்டுக்குட்டிய முளைக்குச்சில கட்டுற முடிச்சுல்ல? இதுக்கா இந்தப் பாடு?" என்றார்.

உண்மைதான். கொலம்பஸின் மாலுமிகள் ஏறிய ஏணிக்கும் கரிசல்காட்டு வெள்ளாட்டுக்கும் முடிச்சு ஒன்றே. நாம் திரும்பிப் பார்க்காமல், "இழுப்பு ஒரே மாதிரி வரவில்லை, அக்கா" என்றோம்.

"முடிச்சப் பாத்து இழுக்காத. அடுத்த முடிச்சு விழப்போற இடத்தப் பாத்து இழு" என்றார். சொல்லிவிட்டுப் போயிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அவர் போகவில்லை. நம் கை மறுபடி தடுமாறுவதைப் பார்த்திருந்துவிட்டு, "தள்ளு" என்று சொல்லி உட்கார்ந்தார். முந்தானையிலிருந்து வலது கை வெளியே வந்தது. கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே வடத்தைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் நூலைச் சுற்றினார். முதல் முடிச்சுக்கு ஐந்து நிமிஷமாயிற்று. நாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, குடிக்க வேண்டிய அளவுக்கு மேலும் சற்று நேரம் அங்கேயே நின்றோம். திரும்பி வந்தபோது ஒரு வரிசை முடிந்திருந்தது. அளவுகோல் வைத்துப் பார்க்கத் தேவையில்லாத வரிசை.

அன்றிரவு மூன்று வரிசை. மறுநாள் நான்கு. மூன்றாம் நாள் கை வீங்கிவிட்டது. வெந்நீரில் வைத்திருந்து இரண்டு நாள் விட்டுத் தொடர்ந்தார். பின்னும்போது பேச்சு வரும். ஆபீஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி, அந்த இருவரைப் பற்றி, எட்டு வருஷமாகச் சொல்லாததையெல்லாம் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவற்றை இங்கே எழுதுவது முறையல்ல. ஒரு நாள் திடீரென்று, "இந்தக் கப்பல் எங்க போச்சு?" என்று கேட்டார். கதையைச் சொன்னோம்.

"நம்ம ஊரத் தேடிப் போயி வேற எங்கயோ தட்டி நின்னுட்டானா? வழி தெரியாதவன் கப்பலையா தம்பி ஒரு வருஷமாக் கட்டுற?" என்று சிரித்தார்.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டி, வழி தெரிந்தவர்களின் கதையையும் சொன்னோம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ் ஓடாவிகள் கட்டிய இரு பாய்மரக் கப்பல் ஒன்று, பெயர் அன்னபூரணி. சிறு பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றிவந்தவரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்ஸன் என்ற அமெரிக்கர் அதைக் கண்டு ஆசைப்பட்டு விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரையும் அதற்கு வைத்தார். அவர் பெயர் வைத்தாரேயன்றி, அதை ஓட்டிப் போனதில் வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகளுக்குப் பங்குண்டு. சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் சமுத்திரம் எல்லாம் கடந்து, 1938 ஆகஸ்டு 1-ந் தேதி அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் குளோஸ்டர் துறையில் அன்னபூரணி நங்கூரமிட்டது. கொலம்பஸ் நம்மைத் தேடி மேற்கே போய் அமெரிக்காவில் முட்டினார்; நம்மவர் அமெரிக்காவுக்கென்றே புறப்பட்டு அமெரிக்காவுக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

தமக்கையார் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு யோசித்தார். "அப்ப அதையில்ல நீ கட்டியிருக்கணும்?" என்றார்.

பங்குனியில் 300 முடிச்சும் முடிந்தன. அதே வாரத்தில் ஒரு நாள் காலை, நம் மகள் பள்ளிக்கூடம் புறப்பட்டபோது இரட்டைச் சடை வழக்கத்துக்கு மாறாக இறுக்கமாயும் ஒழுங்காயும் இருந்தது. யார் பின்னியது என்று கேட்கவில்லை. அவள் தாயாருக்கு அப்படிப் பின்ன வராது.

இங்கேயே நிறுத்திவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் நடந்தது அதுவல்ல. சித்திரை பிறந்ததும் தமக்கையார், "கை வந்துருச்சு தம்பி. வர்ற மாசத்துலருந்து ஆபீஸுக்குப் போகலாம்னு இருக்கேன்" என்றார்.

நமக்குப் பேச்சு வரவில்லை. பட்டாசுத் தொழிலை நாம் பழிப்பவரல்லர். மழை பொய்த்த பூமியில் அதுவும் தீப்பெட்டியும் இல்லாவிட்டால் நம் வகுப்பில் பாதிப் பெஞ்சுகள் காலியாயிருக்கும். இருந்தாலும் அந்தக் கை மறுபடி அந்த அறைக்குள் போவதற்காகவா நாம் 300 முடிச்சுகளைக் காட்டிக் கொடுத்தோம்? வேண்டாம் என்றோம். வீட்டில் என்ன குறை என்றோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "குறையின்னு யாரு சொன்னா? வேலை செஞ்ச கை தம்பி. சனிக்கிழமை கையில காசு விழுந்து எட்டு வருஷமாச்சு" என்றார். பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. இருபது வருஷமாகச் சரித்திரம் போதிக்கிற நமக்கு, கூலி வாங்கும் கைக்கு ஒரு மரியாதை உண்டென்று அன்றுதான் ஒருவர் நேரில் சொல்லக் கேட்டோம்.

இரண்டு நாள் கழித்து நாம் ஒரு யோசனை சொன்னோம். அடுத்தபடியாக அன்னபூரணியைக் கட்டுவது. பெட்டி வாங்காமல், படங்களைப் பார்த்து அளவெடுத்து, நம் ஊர் வேம்பில் இழைத்துக் கட்டுவது. மரவேலை நம்முடையது. கயிற்று வேலை முழுவதும் அவருடையது. அதற்கு முடிச்சுக் கணக்கில் கூலி. பழைய மாணாக்கனுக்கு எழுதியதில், தன் கப்பலின் தலைவர் ஒன்றை விலைக்கு வாங்கிக்கொள்வார் போலிருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது.

தமக்கையார் உடனே சம்மதித்துவிடவில்லை. ஆபீஸில் எவ்வளவு, இங்கே எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணினார். எட்டு விரலில் எண்ணினாலும் கணக்குத் தப்பவில்லை. முடிச்சுக்கு இரண்டு ரூபாய் என்றோம், மூன்று என்றார். அவிழ்த்துக் கட்டும் முடிச்சுக்குக் கூலி உண்டா என்று கேட்டார். உண்டு என்றோம். சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா. அதில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்றார். அதற்கும் ஒப்புக்கொண்டோம். இப்போது சாந்தா மரியா கூடத்து அலமாரியின் மேல், தூசி படாமல் கண்ணாடிக் கூடுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. வேப்பம் பலகை இரண்டு அறுத்து வந்து காய்கிறது. தீபாவளிப் போனஸ் விஷயத்தில்தான் இன்னும் இழுபறி.